பந்து தண்ணீரில் விழுந்தால் யாருக்கு?

பந்து கடலில் கிடந்தது. கரையிலிருந்து ஒரு கயிறு வீசினால் எட்டும் தூரம்தான். அலை தூக்கும்போது தெரிந்தது, இறங்கும்போது மறைந்தது.

கரையில் வடக்குத் தெரு ஆண்கள் ஒரு பக்கம், தெற்குத் தெரு ஆண்கள் ஒரு பக்கம். எல்லார் கையிலும் தென்னை மட்டை. மட்டை முட்டிக்கு மேலே எழக் கூடாது என்பது விதி. அப்போது பல மட்டைகள் தோள் வரைக்கும் வந்திருந்தன.

"பந்து எங்களுது" என்றார் வடக்குத் தெரு ஆரோக்கியம்.

"யாரு சொன்னா? எங்களுது" என்றார் தெற்குத் தெரு சேவியர்.

இருவரும் பல வருடம் கழித்து ஒருவருக்கொருவர் எதிரில் நிற்கிறார்கள். கடைசியாக அப்படி நின்றபோது சேவியரின் மட்டை பட்டு ஆரோக்கியத்தின் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

கரைக்கு மேலே, படகு நிழலில், ரோஸி நின்றிருந்தாள். சேவியரின் தங்கை. ஆரோக்கியத்தின் தம்பி அந்தோணியின் மனைவி. தோள் எலும்பு முறிந்த அன்றிலிருந்து அவள் தாய்வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த வீடு இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறது. இந்த ஒரு ஆட்டம் சண்டையில்லாமல் முடிந்தால் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு குடும்பமும் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒத்துக்கொண்டிருந்தன.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் நடுவர்.

சம்பளமில்லாத வேலை

இந்தத் தொடரில் நான் பார்த்த வேலைகளைப் பற்றித்தான் எழுதிவருகிறேன். தி. நகர் ஜவுளிக் கடையில் புடவை மடித்தது, கே.கே. நகரில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தது எல்லாம் முன்னமே வந்துவிட்டன. நடுவர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் இதற்குத்தான் அதிகம் யோசித்தேன்.

அப்போது மயிலாப்பூருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், மீன் ஏலம் போடும் இடத்தில், ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். கை மரத்துப்போகும். மரத்துப்போன பிறகு வலிக்காது. மதியத்துக்கு மேல் வேலை இல்லை.

படுக்கை ஊர் இளைஞர் மன்றத்துக் கொட்டகையில். வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் சேரும் முனையில் தகரம் போட்ட ஒரு அறை, ஒரு கேரம் பலகை, ஒரு மேசை. அந்தோணி ஆட்டோ ஓட்டுகிறவர், மன்றத்துச் செயலாளர். "நைனா, நீ படுத்துக்க. பூனை வலையைக் கடிக்காம பாத்துக்க" என்று சாவியைக் கொடுத்திருந்தார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நகரத்துக்கு நடுவில் ஒரு குப்பம். அங்கே இருப்பவர்கள் அதை ஊர் என்றுதான் சொல்வார்கள். மயிலாப்பூருக்குப் போவதைக்கூட "டவுனுக்குப் போறேன்" என்பார்கள். ஊருக்குப் பஞ்சாயத்து உண்டு, கோயில் உண்டு, மாதா கோயில் உண்டு, மன்றமும் உண்டு.

ஒருநாள் மதியம் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அந்தோணி ஈரமணலில் தனியாக எதையோ அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கையில் தென்னை மட்டை. அதன் அடிப்பக்கம் அகலமாக, லேசாக வளைந்து, கரண்டி மாதிரி இருந்தது.

"இன்னா நைனா பாக்குற? இது மட்டையாட்டம். எங்க ஊர் ஆட்டம். நின்னுபோச்சு. திரும்ப ஆரம்பிக்கலாம்னு மன்றத்துல பேசிக்கினு இருக்கோம்."

பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு மரத்துண்டு. பழைய காலத்து வலை மிதவையிலிருந்து வெட்டியது. அதன்மேல் கிழிந்த வலை நூலை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் உப்பும் மீன் செதிலும் கலந்த வாடை. எடை இல்லை.

எனக்கு இந்த மாதிரி ஆட்டங்கள்மேல் ஒரு ஆர்வம் உண்டு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றபின் எங்கெங்கோ திரிந்திருக்கிறேன். திருத்தணிப் பக்கம் செங்கல் சூளையில் இருந்தபோது, வேலை முடிந்ததும் ஆட்கள் வேலிக்கம்பால் காய்ந்த பனங்கொட்டையை அடித்து ஓடுவார்கள். பசி நேரத்தில் அப்படி ஓடக் கூடாது என்று மேஸ்திரி திட்டுவான். ஓடினால் பசி தெரியவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டும் சரிதான்.

மூன்று பக்கம் எல்லை

மட்டையாட்டத்தின் அடிப்படை சுலபம். வடக்குக் கோடியில் இரண்டு துடுப்பு நட்டிருக்கும், அதை வடக்குத் தெரு காக்கும். தெற்குக் கோடியில் இரண்டு துடுப்பு, அது தெற்குத் தெருவுக்கு. எதிர்த் தெருவின் துடுப்புகளுக்கு நடுவே பந்தைத் தள்ள வேண்டும். மேற்கே படகுகள் நிற்கும் வரிசைதான் எல்லை.

"கிழக்க?" என்று கேட்டேன்.

"கிழக்க கடல்."

"எல்லை எது?"

"கடலுக்கு இன்னா நைனா எல்லை?"

அந்தோணி முதலில் அங்கே கயிறு கட்டித்தான் பார்த்தார். கைப்பேசியில் ஹாக்கி பார்த்து, கம்பு நட்டு, அலை விளிம்பில் நீளமாகக் கயிறு இழுத்தார். டீ குடித்துவிட்டு வந்தபோது கம்பும் இல்லை, கயிறும் இல்லை. சந்தைக்குப் போய்வந்த ரோஸி கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கடல்காரன் ஊட்ல பொறந்துட்டு கடலுக்கு வேலி போடறியே. ஆட்டோ ஓட்டி ஓட்டி புத்தி ரோட்டுக்குப் பூடுச்சு."

ரோஸி மயிலாப்பூர் மாட வீதிக்கு அப்பால் ஒரு சந்தையில் மீன் விற்கிறவள். பேச்சில் யாரும் அவளை ஜெயிக்க முடியாது. ஒருமுறை அவளிடம் கேட்டேன். அம்மா வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறதே, போனால் யார் தடுக்கப்போகிறார்கள் என்று.

"யாரும் தடுக்க மாட்டாங்கண்ணே. போய்ட்டு வந்து இங்க அவரு அண்ணன் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது? இன்னிக்கும் அவரால வல இழுக்க முடியல. எங்க அண்ணன் அடிச்சதுதான." கத்தியால் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள். "அம்மாவ மாதா கோயில்ல பாப்பேன். அவங்க அந்தப் பக்கம் உக்காருவாங்க, நான் இந்தப் பக்கம். முட்டி வலின்னு கேள்விப்பட்டேன். இப்ப நடு பூசையில முட்டி போடறதில்ல. அத வெச்சுத் தெரிஞ்சுக்குவேன்."

ஆட்டம் நடத்த அனுமதி கேட்டு அந்தோணி பஞ்சாயத்துக்குப் போனபோது அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சண்டை வந்தால் ஆட்டம் இனிமேல் கிடையாது. மன்றத்துக் கொட்டகையும் முழுக்க வலை போட்டுவைக்கும் இடமாகிவிடும். அங்கேயே இரண்டு குடும்பமும் ரோஸி விஷயத்தையும் பேசி முடித்தார்கள். ஆட்டம் நல்லபடியாக முடிந்தால், கொடுக்கல் வாங்கலும் உண்டு, போக்குவரத்தும் உண்டு.

நடுவர் எந்தத் தெருக்காரனாகவும் இருக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார். எந்தத் தெருவும் இல்லாதவன் என்று பார்த்தால் நான் ஒருவன்தான்.

இரண்டு சத்தியம்

பழைய சண்டை எதில் வந்தது என்று விசாரித்தேன். பந்து கடலில் விழுந்ததில்தான்.

ஆரோக்கியத்திடம் கேட்டேன். வடக்குத் தெருவில் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்காமலே எல்லா வேலையும் செய்யப் பழகியிருந்தார்.

"பந்து தண்ணில வுழுந்தா வடக்குத் தெருவுக்கு. எங்க அப்பா காலத்துலேர்ந்து அதான். நானே எத்தினி தபா எடுத்து ஆடிக்கிறேன்."

தெற்குத் தெருவில் சேவியரிடம் கேட்டேன். பெரிய உடம்பு, மெல்லிய குரல். "தெற்குத் தெருவுக்கு. மாதா மேல ஆணையா சொல்றேன். நானே தண்ணில எறங்கி எடுத்துக்கினு வந்து ஆடிக்கிறேன். அப்ப இதே ஆரோக்கியம்தான் எதிர்ல நின்னுக்கினு இருந்தாரு. ஒரு வார்த்த சொல்லல."

இருவரும் பொய் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பொய் சொல்பவர்களிடம் நிறைய நாள் வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் இவ்வளவு சுருக்கமாகப் பேச மாட்டார்கள்.

கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. வெயில் காலத்தில் அங்கே போய்க் குளுமைக்காக உட்கார்ந்திருக்கிறேன். இப்போது முதல் தடவையாகக் காரியமாகப் போனேன். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு, விளையாட்டுகளைப் பற்றிய புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். நான் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிக்கிறவன். கோல், குச்சி, தடி, பந்து என்று என்னென்னவோ ஆட்டங்கள். எல்லாம் தரையில் ஆடுவது. கடல் ஓரத்து ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் கேட்டார்: "பந்து மிதக்குமா சார்?"

"மிதக்கும். உள்ள மரம்."

"அப்ப விழுந்த இடத்துலயே இருக்காதே. எந்தப் பக்கம் போகும்?"

நான் அதை யோசிக்கவே இல்லை. பேருந்து ஏறாமல் நடந்தே திரும்பினேன்.

ரோஸி வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன், கடலில் மிதப்பது எந்தப் பக்கம் போகும் என்று.

"அது எப்பன்னு சொல்லுண்ணே. தெண்டி ஓடுச்சின்னா வடக்க இழுக்கும். வன்னி ஓடுச்சின்னா தெக்க தள்ளும்." தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்று பெயர். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. மழைக்காலத்தில் வன்னி, வெயில் காலத்தில் தெண்டி. அங்கே எல்லாரும் தெருப் பெயர் மாதிரி அதைச் சொல்வார்கள்.

"அப்போ தெண்டி ஓடும்போது பந்து வடக்குத் தெரு துடுப்புக்கு நேரா போவும் இல்ல?"

"ஆமா. அவங்க பாடு கஷ்டம்தான். அதுக்குத்தான் பந்த அவங்க கைல குடுத்து..." ரோஸி நிறுத்தினாள். கூடையிலிருந்து தண்ணீர் அவள் காலில் வழிந்துகொண்டிருந்தது. "வன்னின்னா எங்க அண்ணன் தெருவுக்கு."

அவ்வளவுதான். தண்ணீர் யார் பக்கம் இழுக்கிறதோ, பந்து அந்தத் தெருவுக்கு. கடலே எதிராளிக்காக ஆடுவதால் கொடுக்கும் ஈடு அது. வெயில் காலத்து ஆட்டங்களை வடக்குத் தெரு நினைவில் வைத்திருந்தது. மழைக்காலத்து ஆட்டங்களைத் தெற்குத் தெரு வைத்திருந்தது. தனக்குக் கிடைத்தது மட்டும்தான் மனதில் நிற்கிறது.

"இந்த ஊட்லயும் கேட்டுக்கிறேன், அந்த ஊட்லயும் கேட்டுக்கிறேன். ரெண்டையும் சேத்துப் பாக்கலியேண்ணே" என்றாள் ரோஸி.

இரண்டு தெருவையும் கூட்டி இதைச் சொன்னேன். "நாங்க சொன்னதும் அதான்" என்றது வடக்கு. "நாங்களும் அதான சொன்னோம்" என்றது தெற்கு. சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன்.

தேதி வைத்தவர்

ஆட்டத்துக்குச் சட்டையும் கோப்பையும் தந்தவர் தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். தென்காசிப் பக்கத்துக்காரர். ஆட்டோவில் வந்த பழக்கத்தில் அந்தோணி பிடித்த ஆள். சிறப்பு விருந்தினரும் அவரே. அவருக்கு எந்தச் சனிக்கிழமை தோதுப்படுமோ அன்றைக்குத்தான் ஆட்டம்.

அது மாசி பிறந்த சமயம். வன்னி அடங்கி, தெண்டி ஆரம்பிக்கும் இடைப்பட்ட காலம். குப்பத்தில் இது தெரியாத ஆளே கிடையாது. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குள் தெண்டி வந்துவிடும் என்று வடக்குத் தெரு நினைத்தது. வன்னி இன்னும் போயிருக்காது என்று தெற்குத் தெரு நினைத்தது. தோள் எலும்பு முறிந்ததும் இதே மாசியில்தான் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் ஆரம்பித்தது. நான் எதிர்பார்த்ததைவிட வேகம். ஈரமணலில் மட்டை உரசும் சத்தம், பந்து உருளும்போது பின்னால் தெறிக்கும் தண்ணீர். கணுக்காலில் அடிபட்டவர்கள் நொண்டிக்கொண்டே ஓடினார்கள். பெண்கள் படகுகள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இரண்டு தெருவையும் ஒரே அளவில் கேலி செய்தார்கள்.

"ஏ சேவியரு, அது பந்துடா, சொறா இல்ல. பயப்படாத."

"அந்தோணி, மீட்டர் போடு, அப்பத்தான் ஓடுவ."

அந்தோணி சிரித்துக்கொண்டே திரும்பி அடித்த அடியில்தான் பந்து கடலுக்குள் போனது.

பார்த்துக்கொண்டு நின்றவர்கள்

"பந்து எங்கயும் ஓடிப்போவாது. எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாக்கலாம்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே தெம்பாகக் கேட்கவில்லை.

எல்லாரும் பார்த்தார்கள்.

பந்து வடக்கே போகவில்லை. தெற்கேயும் போகவில்லை. ஏறியது, இறங்கியது, அங்கேயே இருந்தது.

"வடக்க நவுருது" என்று ஒருவர் சொன்னார்.

"உன் கண்ணுதான் நவுருது."

சேவியர் இரண்டடி முன்னால் வந்தார். ஆரோக்கியம் பின்வாங்கவில்லை. இடது கையால் மட்டையைப் பிடித்திருந்தார். அந்தோணி இருவருக்கும் நடுவில் போய் நின்றார். அண்ணனைப் பார்த்து நிற்பதா மச்சானைப் பார்த்து நிற்பதா என்று தெரியாமல் கடலைப் பார்த்து நின்றார். ரோஸி படகு நிழலிலிருந்து வெயிலுக்கு வந்துவிட்டாள்.

நான் வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு தெருவின் பெயரைச் சொல்லியாக வேண்டும். திறக்கவில்லை.

அவர்கள் சும்மா தண்ணீரைப் பார்க்கத் தெரியாதவர்கள். நான் பார்த்தால் எனக்குத் தண்ணீர்தான் தெரியும். அவர்கள் பார்வை பந்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது. ஆரோக்கியத்தின் கண் பந்தைத் தாண்டிப் போனதை நான் கவனித்தேன். மட்டை தானாகவே இறங்கியது.

"தண்ணி கறுத்துக்கினு கீது" என்றார்.

சேவியரும் அந்தப் பக்கம் பார்த்தார். தூரத்தில் ஒரு திட்டு மட்டும் நிறம் மாறியிருந்தது. அதன்மேல் பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தன.

"கவல மீனு" என்றார் சேவியர்.

"கவல இல்ல. கானாங்கெளுத்தி. தண்ணி மாறுற நேரம்."

அவ்வளவுதான் பேச்சு. மட்டைகளை மணலில் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். சட்டையில் எண் போட்ட ஆட்கள் வலையைத் தூக்கினார்கள், பெட்ரோல் டின்னைத் தூக்கினார்கள். ஆரோக்கியத்தின் படகுதான் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தது. கரையில் படகைத் தள்ளும்போது பக்கத்தில் இருப்பவன் கை கொடுக்க வேண்டும், அது யார் படகாக இருந்தாலும். சண்டைக்குப் பிறகு இந்த இரண்டு தெருவும் அதைக்கூட விட்டிருந்தன. அன்றைக்குப் பக்கத்தில் நின்றவர் சேவியர். தோளைக் கொடுத்துத் தள்ளினார். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் கையை எடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

ஆரோக்கியம் இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருந்தார். படகில் அந்தோணி மட்டும்தான், அவருக்கு வலை விடவே வராது. ஆரோக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏறுடா. நின்னுக்கினு இன்னா பாக்குற? வலைய யாரு வுடுறது, ஆட்டோகாரனா?"

சேவியர் ஏறினார்.

கேள்வி

கரையில் விருந்தினர் இருந்தார், நான் இருந்தேன், பெண்கள் இருந்தார்கள். பந்து எங்கே போனதென்று யாரும் பார்க்கவில்லை.

"என்னய்யா, ஆட்டம் அவ்வளவுதானா? கோப்பைய யாருக்குக் குடுக்க?" என்று விருந்தினர் கேட்டார். அவர் காலணிக்குள் தண்ணீர் போயிருந்தது.

"வச்சிட்டுப் போங்க சார். வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

அவர் கோபப்படவில்லை. மீனோடு வந்தால் கொஞ்சம் எடுத்துவைக்கச் சொன்னார்.

மணலில் கிடந்த மட்டைகளைப் பொறுக்கினேன். எது எந்தத் தெருவுடையது என்று அடையாளம் இல்லை. ஒரே கட்டாகக் கட்டித் தோளில் வைத்தபோது ரோஸி வந்தாள்.

"அண்ணே, ஆட்டம் முடிஞ்சிச்சா இல்லியா?"

விதிப்படி பார்த்தால் பந்து இன்னும் கடலில் இருந்தது. எந்தத் தெருவும் துடுப்பைத் தாண்டவில்லை. முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர் சொல்வதுதான் முடிவு என்று இரண்டு தெருவும் முன்னமே ஒத்துக்கொண்டிருந்தன. மறுத்துப் பேச அந்த இரண்டு தெரு ஆண்கள் யாரும் அங்கே இல்லை.

"முடிஞ்சிடுச்சு" என்றேன்.

"யாரு கெலிச்சா?"

"யாரும் இல்ல."

"சண்ட?"

"நீதான் பாத்தியே."

"நாளைக்கு யாராச்சும் கேட்டா?"

"நடுவரு சொன்னாருன்னு சொல்லு."

ரோஸி தலையாட்டினாள். வடக்குத் தெருப் பெண்கள் கூடைகளை எடுக்கத் தங்கள் தெருவுக்குள் போனார்கள். அவள் தெற்கே நடந்தாள். கொட்டகையும் அந்தப் பக்கம்தான் என்பதால் நானும் மட்டைக் கட்டோடு பின்னால் போனேன்.

சந்து முனையில் ஒரு குழாய் உண்டு. அதைத் திறந்து கால் கழுவினாள். மணல் எல்லாம் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்கப் பின்னால் குடத்தோடு வந்திருந்த ஒருத்தி, அவள் யாரென்று பார்த்துவிட்டு, அவசரப்படுத்தாமல் நின்றாள்.

பிறகு குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள். மூன்றாவது வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல், "யாரது?" என்றது.

ரோஸி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முட்டி எப்பிடிம்மா கீது?" என்று கேட்டுக்கொண்டே வாசலைத் தாண்டினாள்.